கம்பெனி பஸ்ஸை நம்பி நாலு நாடு

போன திங்கட்கிழமை காலை ஏழரை மணி. பால் பாக்கெட் எடுக்க கேட்டைத் திறந்தால், எதிரே ரேவதியும் மெர்சியும். முதுகில் ஆளுக்கொரு பெரிய பை. முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா இது... ஷிஃப்டுக்குப் போகலையா?"

"பஸ் பூட்ச்சிக்கா" என்றாள் ரேவதி. மெர்சி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு பேரும் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார்கள். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. சொல்லாமல் ஒரு நாள் நின்றாலும் ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம். அழாமல் என்ன செய்வாள்?

சரி, முதுகில் எதற்கு அத்தனை பெரிய பை?

ஆண்டுக்கொரு முறை மெஷின் பராமரிப்புக்காகக் கம்பெனியைப் பத்து நாள் மூடுவார்கள். மற்றவர்கள் ஊருக்குப் போவார்கள், தூங்குவார்கள். இவர்கள் போட்ட திட்டம் — சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, லாவோஸ்! ஏஜென்ட் கிடையாது. கைடு கிடையாது. ஆளுக்கு ஏழு கிலோ பை, இருப்பதிலேயே மலிவான விமான டிக்கெட், மற்றதெல்லாம் பஸ், ரயில். இத்தனைக்கும் இருவருமே இதுவரை விமானத்தைத் தரையில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள்தான்.

நான் சிங்கப்பூர் போய்வந்த கதையை இந்தப் பக்கத்தில் எழுதி உங்களை ஏற்கெனவே அறுத்திருக்கிறேன். பேக்கேஜ் டூர். கொடி பிடித்தவர் பின்னால் நடந்தேன், தயிர்சாதம் எங்கே என்று கேட்டேன், திரும்பி வந்தேன். அந்த மகா அனுபவத்தை வைத்து யோசனை சொல்லலாம் என்று ஒருநாள் மாடிக்குப் போனவள், சுவரில் ஒட்டியிருந்ததைக் கிட்டே போய்ப் படிக்க ஆரம்பித்தேன்.

பெரிய சார்ட். பத்து நாளும் கட்டம் கட்டமாக. எந்த பஸ் எப்போது வரும், அடுத்தது எப்போது கிளம்பும், நடுவில் சாப்பிட எத்தனை நிமிடம்... எல்லாம் இருந்தது. பத்தாம் நாள் மாலை சென்னை. மறுநாள் காலை முதல் ஷிஃப்ட். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.

"நடுவுல ஒரு பஸ்ஸை விட்டுட்டா?" என்று கேட்டேன்.

"ஏன்கா உடுவோம்? டைமுக்கு நின்னா ஏறிக்கப் போறோம்" என்றாள் ரேவதி.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் தினமும் ஏறுவது கம்பெனி பஸ். ஐந்து நாற்பதுக்கு வரும். அவளுக்கென்று ஒரு சீட் காலியாக இருக்கும். உலகம் முழுக்க அப்படித்தான் என்று மனசு பழகிவிட்டது.

ஆனால் ஒன்று. கம்பெனியில் புது மாடல் வந்தால் முதலில் ட்ரையல் ஓட்டிப் பார்ப்பார்களாம். "நாங்களும் ஒரு ட்ரையல் பாத்துர்றோம்கா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை முழுப் பையோடு கிளம்பினார்கள். காஞ்சிபுரம், ஆரணி, திருவண்ணாமலை, திரும்ப வீடு. சார்ட்டில் இருக்கும் அதே இடைவெளியில் பஸ் மாற வேண்டும்.

அன்றைக்கு முகூர்த்த நாள்! காஞ்சிபுரத்திலேயே இரண்டு பஸ்ஸில் ஏற முடியவில்லை. அப்புறம் எல்லாமே சரிந்து, ஊர் வந்து சேர்வதற்குள் ஐந்து நாற்பது கம்பெனி பஸ் போய்விட்டது. அதனால்தான் திங்கட்கிழமை காலையில் என் கேட்டில் அந்தக் கோலம்.

"பஸ்ஸு கரெக்டாதான்கா வந்துச்சி. நம்மளால ஏற முடியல. பார்டர்ல நமக்கு முன்னாடி நூறு பேரு நின்னுகினு இருந்தா? லேட்டா வந்து எறங்கினா வேலையே பூடும்."

சொல்லிவிட்டு ரேவதி விறுவிறுவென்று மாடிக்குப் போனாள், நாங்கள் பின்னாலேயே. பையைக்கூட இறக்கவில்லை. பேனாவை எடுத்து லாவோஸ் மொத்தத்தையும் அடித்தாள். காலியான கட்டங்களில் 'சும்மா' என்று எழுதினாள்.

"மூணு நாடு கீதுல்ல, போதும். அழுவாத மெர்சி."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடிவாதத்தைத்தான் நாம் தைரியம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம். மாதக்கணக்கில் ஆசைப்பட்ட ஒரு நாட்டைத் தன் கையாலேயே அடிக்க எத்தனை தைரியம் வேண்டும்!

செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் மேடம் இருவரையும் கூப்பிட்டார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லையாம். காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றாள் மெர்சி. ரேவதி கேட்கவில்லை. நாலு நாட்டுத் திட்டத்திலிருந்து முகூர்த்தக் கூட்டம் வரை நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

மேடம் வறுத்தெடுத்துவிட்டார். இரண்டு ஆள் இல்லாமல் அசெம்ப்ளி லைன் எப்படித் திண்டாடியது தெரியுமா, இன்னொரு தடவை இப்படி நின்றால் கார்டைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஒரே கத்தல். வேலை தப்பியது என்ற நிம்மதியில் இருவரும் கதவு வரை போய்விட்டார்கள்.

"இரு ரேவதி" என்றாராம் மேடம். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார்.

"பாஸ்போர்ட்டு எடுக்க இன்னா இன்னா வேணும்? மெதுவா சொல்லு... எழுதிக்கிறேன்."

அன்றைக்கு லைன் மூன்று நிமிடம் தாமதமாகக் கிளம்பியதாம்!