சித்தப்பாவின் இருமல்

எங்கள் தெருவில் என் சித்தியைக் கொடுத்துவைத்தவள் என்பார்கள். போருக்குப் போனவர்களில் உயிரோடு திரும்பியவர் சித்தப்பா ஒருவர்தான். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் அந்த வீட்டில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நான் டைப்ரைட்டிங் படிக்க வந்து அங்கேதான் தங்கியிருந்தேன்.

சித்தப்பா பஸ் கண்டக்டர். வாயைத் திறந்தால் பஸ்ஸே சிரிக்கும். "உள்ள போங்க சார். படிக்கட்டைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கறீங்களே, அதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்பார். வீட்டிலும் அதே கதைதான். துணி தேய்க்கும் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் சித்தி, கால்வலியை மறந்து சிரிப்பாள். போர் வந்தது. அவரைப் பட்டாளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சில மாதங்களில், எதிரியிடம் பிடிபட்டார் என்று தகவல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

எதிரி நாட்டு ரேடியோவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைதிகளைப் பேசவிடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். சித்தி கடை முதலாளியிடம் கெஞ்சி அவருடைய பழைய ரேடியோவை வாங்கி வந்தாள். மூன்றாவது வாரம் சித்தப்பாவின் குரல் வந்தது.

"அம்மா, நான் நல்லா இருக்கேன். சாப்பாட்டுக்குக் குறையில்ல." ஒரு இருமல். "யாரும் கவலைப்படாதீங்க."

அவ்வளவுதான். சித்தியின் மாமியார் ரேடியோவைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் பேசினார். அதற்கடுத்ததும் பேசினார். மாமியாருக்கு ஒரே ஒரு குறை. "இன்னும் இருமல் விடலையே அவனுக்கு. அங்க யாரு மருந்து குடுக்கப் போறா?" உதவிச் சங்கத்தின் மூலம் கைதிகளுக்கு அனுப்பும் பார்சலில் இருமல் மருந்து பாட்டிலைத் துணி சுற்றி வைத்தாள்.

அவர் பேசும் நேரத்தில் சித்தி ரேடியோ பக்கத்தில் நின்று சட்டை தேய்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். அவரோடு சேர்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவர் இருமிய இடத்தில் அவளும் இருமினாள். நூலளவும் பிசகவில்லை.

"உனக்கும் சளி புடிச்சுக்கிச்சா?" என்றாள் மாமியார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்றைக்கோ ஒரு நாள் பேசவைத்துப் பதிவு செய்ததையே வாராவாரம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பேசிய ஆள் இப்போது இருக்கிறாரா இல்லையா என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. சமையலறையில் சித்தியைப் பிடித்தேன்.

"சித்தி, அது..."

"தெரியும்டி. வாயை மூடு. அத்தை காதுல விழுந்துடப் போகுது."

"அப்ப சித்தப்பா?"

"அந்தக் குரலைக் கேட்டா செத்துட்டாரோன்னு தோணுது. அணைச்சிடலாம்னு போனா, நானே கொல்ற மாதிரி இருக்கு. என்னை என்னடி செய்யச் சொல்றே?"

மருந்து பாட்டில்கள் போய்க்கொண்டே இருந்தன. இப்போது சித்தியே துணி சுற்றிக் கொடுத்தாள்.

போர் முடிந்தது. ஒரு நாள் காலையில் சித்தப்பா பாதி ஆளாக இளைத்து வாசலில் நின்றார். சித்தி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிய மக்கு நான்தான்.

அவர் பேசவே இல்லை. எது கேட்டாலும் தலையாட்டல்தான். நாங்களும் விட்டுப்பிடிக்கலாம் என்று இருந்தோம். மாமியாரால்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது ஆரம்பித்துவிட்டாள்.

"ஏதாவது சொல்லேண்டா. எப்படித்தான் இருக்கே?"

சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"அம்மா, நான் நல்லா இருக்கேன். சாப்பாட்டுக்குக் குறையில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "யாரும் கவலைப்படாதீங்க."

அதே குரல். அதே ஏற்ற இறக்கம்.

"பாத்தியா, இருமல் போயே போச்சு!" என்று மாமியார் பூரித்துப்போனாள்.

சித்தி கையில் கரண்டியோடு திரும்பி ரேடியோவைப் பார்த்தாள். அது அணைந்துதான் இருந்தது.