பஸ் போர்டு எனக்கு, ஊசி நூல் அவளுக்கு

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவ. எழுத்து கோணலாத்தான் வரும், நடுநடுவே மறந்தும் போகும். படிக்கிறவங்க பொறுத்துக்கணும்.

சாரம்ங்கிற ஊர்ல தம்பி வீட்டோட இருக்கேன். தம்பி மகளுக்கு இப்போ பதிமூணு வயசு. எனக்கும் அவளுக்கும் ஒரு ஏற்பாடு இருந்துச்சு. எனக்குக் கிட்டத்துல இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது. அதனால ஊசியில நூல் கோக்கிறது, மாத்திரை அட்டையைப் படிக்கிறது எல்லாம் அவ. பதிலுக்கு தூரத்துல வர்ற பஸ்ஸோட போர்டைப் படிச்சுச் சொல்றது நான். கல்யாணப் பந்தியில அந்தக் கோடியில என்ன பரிமாறுறாங்கன்னுகூட நான்தான் சொல்லணும்.

"வடையா அத்தை?"

"அப்பளம்."

"சே."

"ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆளு"ன்னு தம்பி பொண்டாட்டி கிண்டல் பண்ணுவா. எனக்கு உள்ளுக்குள்ள பெருமைதான். நாலு பேர் நடுவுல வாயே திறக்காத எனக்கு, சத்தமா படிக்க ஒரு வேலை கிடைச்சுதே.

போன வருஷம் எனக்குக் காய்ச்சல். அவ தனியா பள்ளிக்கூடம் கிளம்பினா. பஸ் கலரைப் பார்த்து ஏறி, புத்தகத்துக்குள்ள மூக்கை விட்டுக்கிட்டே போயிருக்கா. இறங்கினது எங்கயோ தூரத்துல இருக்கிற காலாப்பட்டுல. ஒரு மீன்காரம்மா தம்பிக்குப் போன் பண்ணி, "உங்க பொண்ணு என் கூடைக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு, வந்து இட்டுக்கினு போங்க"ன்னுச்சு.

காய்ச்சல் விட்டதும் எல்லாரும் கண்ணு டாக்டரம்மாகிட்ட போனோம். சுவத்து எழுத்தைப் படிக்கச் சொன்னாங்க. எல்லாத்துக்கும் மேல இருந்த பெரிய எழுத்துக்கே அவ திரும்பி என்னைப் பார்த்தா. பழக்கதோஷம், நானும் வாயைத் திறந்துட்டேன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா. ஏன் பாப்பா, தூரத்துல தெரியலன்னு வீட்டுல சொல்லலையா?"

"அதான் அத்தை சொல்லுமே." அப்புறம் யோசிச்சு, "தூரத்துல இருக்கிறது எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்"ன்னா.

வளர்ற வயசுல சில புள்ளைங்களுக்குக் கண்ணுமுழி வேணுங்கிறதுக்கு மேல நீளமா வளர்ந்துடுதாம். தூரத்துப் பொருளோட உருவம் கண்ணுக்குள்ள இருக்கிற திரையில விழாம, அதுக்கு முன்னாடியே விழுந்துடுதாம். வளர வளர பவர் ஏறும், ரொம்ப ஏறிட்டா பின்னாடி அந்தத் திரைக்கே ஆபத்து வரலாம்னாங்க. "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா அப்பவே மட்டுப்படுத்தப் பார்த்திருக்கலாம்."

அந்த ரெண்டு வருஷமும் போர்டு படிச்சவ நான்.

கண்ணாடி வந்துச்சு, பவர் மேல மேல ஏறாம இருக்க ராத்திரிக்கு சொட்டு மருந்து வந்துச்சு. தினமும் பகல் வெளிச்சத்துல வெளியே இருக்கணும்னு சொன்னதால சாயந்திரமானா பீச்சுக்கு நடக்கிறோம். கண்ணாடி போட்ட அன்னைக்கு எதிர்ச் சாரியில நின்னு கத்தினா: "அத்தை, இங்கேருந்தே உன் மூஞ்சி தெரியுது. எப்பவும் இப்படி முறைச்சுக்கினுதான் நிப்பியா?"

இப்போ பஸ் வந்தா நான் உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கஷ்டமாத்தான் இருக்கு. அவளே படிப்பா. "காலாப்பட்டு. நமக்கு வேணாம், மீன்காரம்மா திட்டும்."

போன வாரம் மறுபடி காட்டினோம். பவர் அவ்வளவா ஏறலன்னு டாக்டரம்மா சொன்னாங்க. மைனஸ் அஞ்சரையா, அஞ்சே முக்காலான்னு எனக்கு ஞாபகமில்ல. சீட்டு கையிலதான் இருக்கு, ஆனா எழுத்து பொடி. கிட்டத்து வேலை இன்னும் அவளோடதுதானே. சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த நம்பரையும், டாக்டரம்மா சொன்னதா நான் இதுல எழுதினதையும் அவதான் பார்த்துத் திருத்திக் கொடுக்கணும்.