பிரேக் மாமாவின் வியாழக்கிழமைகள்

என் தம்பி இருபது ஆண்டுகள் ராணுவத்தில் லாரி ஓட்டினான். திரும்பி வந்தபின் பத்து ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டினான். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் பிரேக் மாமா. சாலையில் ஓர் அட்டைப் பெட்டியோ சாக்கோ கிடந்தால் தூரத்திலேயே நிறுத்திவிடுவான். நன்றாகப் பார்த்துவிட்டு, எதிர் ஓரமாக ஒதுங்கித்தான் கடப்பான். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை.

அவன், அவன் மனைவி, நான் என்று வீட்டில் மூன்று பேர். நான் குடிநீர் வாரியத்தில் முப்பத்தேழு ஆண்டுகள் நீர்மட்டப் பதிவேடு எழுதியவன். அம்மா போனபோது அவனுக்கு நான்கு வயது, எனக்கு இருபது. தலை வாரிவிட்டது முதல் பட்டாளத்துக்கு ரயிலேற்றியது வரை எல்லாம் நான்தான். திரும்பி வந்தவன் சுவரில் முதுகு பதியாமல், வாசல் கண்ணில் படாமல், ஒரு வாய் சாப்பிட மாட்டான். தூக்கத்தில் பல்லைக் கடிப்பான். என்னடா என்றால், "ஒண்ணுமில்லண்ணே" என்பான். பத்து ஆண்டுகளாக எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை, சட்டைக்குப் பொத்தான் வைக்கத் தையல்கடைக்குப் போனான். தையல்காரரும் பழைய சிப்பாய். கடையின் பின்னறையில் வியாழன்தோறும் ஆறு மணிக்கு ஏழெட்டு முன்னாள் ராணுவத்தினர் கூடிப் பேசுவார்களாம். அன்று அங்கே உட்கார்ந்தவன் ஏழே முக்காலுக்குத்தான் வீடு திரும்பினான். அதன்பின் ஒரு வியாழனையும் விடவில்லை.

"அண்ணே சொன்னாரு, காப்பியக் குறைக்கணுமாம்" என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னான். நான் நிமிர்ந்து பார்த்தேன். நான் அப்படி எதுவும் சொன்னதில்லை. அவன் சொன்னது தையல்காரரை.

எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஆளிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க, சரியாக இருந்த கால்சட்டையை எடுத்துக்கொண்டு இடுப்பைப் பிடிக்கச் சொல்லிப் போனேன். குள்ளமான மனிதர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார்.

"மூச்ச விடுங்கய்யா. புடிச்சு வெச்சா அளவு தப்பா வரும்" என்றார்.

"என் தம்பி உங்ககிட்ட என்ன பேசறான்?"

"அத அவருதான் சொல்லணும்" என்று நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.

போன மாதம் பாலத்துக்கு முன்னால் நடுச்சாலையில் ஒரு சிமெண்டு மூட்டை கிடந்தது. சுற்றிப் போக வழியில்லை. தம்பி பத்தொன்பது பிள்ளைகளையும் இறக்கி, இருநூறு அடி பின்னால் நடத்திச் சென்று நடைபாதையில் உட்கார வைத்தான். ஒருவரையும் எழவிடவில்லை. மூட்டையில் இருந்தது மணல்.

பெற்றோரில் சிலர் பைத்தியம் என்றார்கள். பள்ளி மேலாளர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். தம்பி இனிப் பேருந்தில் ஏறலாமா கூடாதா என்று அங்கே முடிவாகும். தானும் ஒரு மனநல மருத்துவரும் வந்து, போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வரும் இந்த நோயைப் பற்றிப் பேசுவதாகத் தையல்காரர் ஏற்பாடு செய்திருந்தார்.

சனிக்கிழமை காலை வீட்டுத் தொலைபேசி அடித்தது. தையல்காரர்தான். "கூட்டத்த மூணரைக்கே வெச்சுட்டாங்க. தம்பிகிட்ட சொல்லிடுங்க."

தம்பி என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொல்லவில்லை. ஆனால் வரும் அழைப்புகளைத் தொலைபேசிக்குப் பக்கத்து நோட்டில் எழுதுவது நாற்பது வருடப் பழக்கம். கை தானாக எழுதிவிட்டது. 11.20. தையல்காரர். கூட்டம் ஐந்துக்கு இல்லை, மூன்றரைக்கு.

மூன்று மணிக்குமேல் குழாய் ரிப்பேர்காரர் எண்ணைத் தேடி நோட்டைப் புரட்டினாள் தம்பி மனைவி. அப்படியே நின்றாள்.

"மாமா, பதினொண்ணு இருபதுக்கு எழுதியிருக்கீங்க. இப்ப மணி மூணு பத்து."

டாக்சியில் தம்பி என் பக்கம் திரும்பாமலே கேட்டான். "மறந்துட்டீங்களாண்ணே?"

"மறக்கலடா."

அவன் டாக்சிக்காரரிடம் மணி என்ன என்று கேட்டான். திட்டியிருந்தால் தேவலை.

நாங்கள் நுழைந்தபோது மருத்துவர் பேசிக்கொண்டிருந்தார். ஆபத்து முடிந்துவிட்டது என்பது அறிவுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது என்றார். இது கோழைத்தனமும் இல்லை, பைத்தியமும் இல்லை, சிகிச்சை உண்டு என்றார். பிறகு தம்பி எழுந்தான்.

"எங்களுக்கு முன்னால போன லாரி ஒரு மூட்டை மேல ஏறுச்சு. அதுல நாலு பேரு இருந்தாங்க. அதுக்கப்புறம் எந்த மூட்டையப் பார்த்தாலும் எனக்கு அந்த மூட்டைதான்."

ஒரு தகப்பனார் கேட்டார். "இத்தன வருஷமா வீட்டுல கூட சொல்லலையா?"

"அண்ணன்கிட்ட சொன்னா தேதி கேப்பாரு, மணி கேப்பாரு" என்றான் தம்பி. "தப்பா கேக்க மாட்டாரு. எனக்குத்தான் அந்தத் தேதிய வாயால சொல்ல முடியல."

மருத்துவர் எழுதித் தரும்வரை ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று அவனே சொன்னான். அதுவரை பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உதவியாளாக இருக்கிறேன் என்றான். இரண்டு பேர் மட்டும் முணுமுணுத்தார்கள். மாதத்துக்கு இரண்டு முறை மருத்துவர், வாரம் தவறாமல் வியாழக்கிழமை என்ற நிபந்தனையோடு மேலாளர் ஒப்புக்கொண்டார்.

அடுத்த வியாழக்கிழமை தம்பி செருப்பை மாட்டிக்கொண்டே, "வரீங்களாண்ணே? வெளியதான் உக்காரணும்" என்றான். போனேன். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே பெஞ்சில் தையல்காரர் மனைவி சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ ஏதோ சொல்ல, என் தம்பி சிரித்தான். அவன் சிரிப்பு இப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அது எனக்காகச் சிரித்த சிரிப்பில்லை என்பதும் உறைத்தது.

"வயிறு எரியுதாண்ணே?" என்றார் அந்த அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்குப் பதினோரு வருஷமா எரியுது."

"பழகிடுமாம்மா?"

"எங்க பழகுது. ஆனா மனுஷன் தூங்கறாரு."