இருநூறு கிராம்

டியூப் இல்லாத டயர் போட்டால் சைக்கிள் எடை பாதியாகிவிடும் என்று ஒரு கூரியர்காரர் சொன்னாராம். அவருக்கு வேறு யாரோ சொன்னார்களாம். அத்தான் அதை அப்படியே நம்பினார்.

நம்பத்தான் வேண்டியிருந்தது. என் அக்காவின் கணவரான அவர், இருபது வருடமாகக் கிளினிக்குகளில் எடுக்கும் ரத்த மாதிரிகளைச் சைக்கிளில் லேபுக்குக் கொண்டுபோகிறார். வீடு நாலாவது மாடி. கீழே நிறுத்திய இரண்டு சைக்கிள்கள் திருட்டுப்போனதிலிருந்து, மூன்றாவதைத் தினமும் தோளில் போட்டுக்கொண்டு படியேறுவார். போன வருடம் நெஞ்சில் ஆபரேஷன். பத்து கிலோவுக்கு மேல் தூக்கினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

சைக்கிள் பதினொன்றரை கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று, தன் எடையைக் கழித்துக் கண்டுபிடித்தார்.

"மாப்ள, நீ படிச்சவன். டியூப்லெஸ் போடலாமா?"

வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிப் படித்துவிட்டு, "போடுங்க அத்தான், பஞ்சர் தொல்லையும் இருக்காது" என்றேன்.

டயருக்குள் ஊற்றும் பசை, ரிம்மில் ஒட்டும் டேப், வால்வு எல்லாம் சேர்ந்ததில், கடைசியில் எடை இருநூறு கிராம்தான் குறைந்தது.

"வயித்தைக் கொறைச்சா அஞ்சு கிலோ கொறையும். இவர் டயரைப் பிடிச்சுத் தொங்குறாரு!" என்றாள் அக்கா.

அத்தான் விடவில்லை. ஸ்டாண்டையும் மட்கார்டுகளையும் கழற்றினார். இன்னும் நானூறு கிராம் பாக்கி. "பஞ்சரானா பசையே ஓட்டையை அடைச்சிடும், ஸ்பேர் டியூபும் பம்பும் எதுக்கு? எடுத்துடுங்க" என்றதும் நான்தான். கழித்துப் பார்த்தால் சரியாகப் பத்து கிலோ.

இன்று மத்தியானம் அவரே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"கண்ணாடி குத்திப் பின் டயர் பக்கவாட்டுல கிழிஞ்சிருச்சு மாப்ள. பசையெல்லாம் ரோட்டுல. லேபுக்கு ரெண்டு கிலோமீட்டர்தான், தூக்கிட்டே போறேன்."

"தூக்காதீங்க அத்தான்! உருட்டிட்டுப் போங்க."

"காத்தில்லாம உருட்டினா ரிம் போயிடும். பத்து கிலோதானே? டாக்டர் சொன்னதுக்குள்ளதான் இருக்கு."

"முதுகுல இருக்குற ரத்த சாம்பிள் ஐஸ் பெட்டி?"

"அட, அதை நிறுத்துப் பார்க்கவே இல்லையேடா" என்று சிரித்தார். சிரிப்பு இருமலானது. லைன் கட்டாகிவிட்டது.

அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். டியூபும் பம்பும் அலமாரி மேலேதான் இருக்கிறதாம். "ஏன்டா, எதுக்குக் கேக்குற?"

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டு, அத்தானின் எண்ணை மறுபடி அழுத்தினேன்.

மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.