பகிரும் பட்டனும் பழைய லேத்தும்

இன்று காலை ஓசூர் சிப்காட்டில், மூடிவிட்ட பட்டறை ஒன்றின் லேத் மெஷின் ஏலத்துக்கு வந்தது. பேப்பரில் விளம்பரம் இல்லை. ஏலக்காரரின் வலைப்பக்கத்தில் மட்டும் அறிவிப்பு. நாற்பது தளங்களை ஒரே பக்கத்தில் காட்டும் என் ரீடரில் அதைப் பிடித்திருந்தேன். போட்டியே இருக்காது என்று நிம்மதியாகப் போனேன்.

வாசலில் நாகராஜ் நின்றிருந்தார். எனக்கு எதிர்க்கடை, அதே பழைய மெஷின் வியாபாரம்.

"உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"நீங்கதானேண்ணா சொன்னீங்க! ரீடர்ல தினமும் பகிர்றீங்களே. நீங்க பொறுக்கிப் போடறதத்தான் படிக்கிறேன். நான் வேற எதுக்கு நாப்பது தளத்தப் பாத்துக்கிட்டு?"

பிறகு படிக்கலாம் என்று குறித்துவைக்க ஆறு மாதமாக நான் அழுத்திய பட்டன், நண்பர்கள் எல்லோருக்கும் காட்டுகிற பட்டனாம்.

லேத் அவருக்குப் போனது. டெம்போவில் ஏற்றும்போது ஒரு குறையும் சொன்னார்.

"நீங்க பகிர்ற அரசியல் சண்டைப் பதிவுகள மட்டும் கொஞ்சம் குறைங்கண்ணா. நடுவுல ஏல நோட்டீஸத் தேடறதுக்குள்ள கண்ணு வலிக்குது."

நான் பகிர்வதைப் படிப்பவர் அவர் ஒருவர்தானா, இன்னும் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் பின்னூட்டத்தில் கையைத் தூக்குங்கள். எந்த ஏலத்துக்கு நான் வீணாக பெட்ரோல் போட வேண்டாம் என்றாவது தெரிந்துகொள்கிறேன்.