புதருக்குள் முதலில் போகிறவள்

யாருக்கும் வேண்டாத வேலையை என் தலையில் கட்டினார்கள். அந்த வேலைக்கு மவுசு வந்ததும் பிடுங்கிக்கொண்டார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. வெளியே சொன்னால், "போன்ல ஆடுற ஆட்டத்துக்கா இவ்ளோ கோவம்?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

காரைக்கால் கடற்கரையில் எங்கள் வீடு. அண்ணன் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவன். நான் டவுனில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். ஆம்பிளைகள் கொஞ்ச நேரம் வலை சரிபார்ப்பார்கள், கொஞ்ச நேரம் சீட்டாடுவார்கள். இப்போது சில வருடங்களாகப் போனில் ஆடுகிறார்கள். ஐந்து பேரும் ஐந்து பேரும் மோதுகிற அந்த ஆட்டத்தை ஆடாத பயல் எங்கள் தெருவில் கிடையாது. அண்ணனும் அவனோடு ஒரே படகில் போகிற மூன்று பேரும் ஒரு டீம் வைத்திருந்தார்கள். ஐந்தாவது ஆள் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். தேடிப்பார்த்து யாரும் சிக்காத பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"வந்து சும்மா நில்லு புள்ள, நாங்க பாத்துக்கறோம்" என்றான் அண்ணன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூலையில் இரண்டு கோட்டை. இடையில் மூன்று பாதைகள், பாதை நெடுக டவர்கள், சுற்றிலும் காடு, நடுவில் ஓர் ஆறு. எதிரியின் டவர்களை உடைத்துக்கொண்டே போய்க் கோட்டையையும் உடைத்தால் வெற்றி. ஆற்றில் ஒரு பெரிய மிருகம் வரும். நாங்கள் அதைப் பூதம் என்போம். எந்தப் பக்கம் அதைக் கொல்கிறதோ அந்தப் பக்கத்துக்காக அது மறுபடி எழுந்து வந்து, எதிரியின் டவர்களை உடைத்துக் கொடுக்கும். ஆட்டத்தில் செத்தவன் கொஞ்ச நேரம் கழித்துப் பிறந்து வருவான். அவ்வளவுதான்.

ஐந்து பேரில் ஒரு ஆளுக்கு ரோம் என்று பெயர். அந்த ஆளுக்குச் சொந்தப் பாதை கிடையாது. எல்லாருடைய பாதைக்கும் ஓடி ஓடி உதவ வேண்டும். எதிரி ஒளிந்திருக்கிற புதருக்குள் முதல் ஆளாக நுழைந்து முதல் அடியை வாங்க வேண்டும். சக்தியைக் கூட்டிக்கொள்ள ஆட்டத்தில் கிடைக்கிற தங்கத்தைத் தொடக்கூடாது, அது அடிக்கிறவனுக்கு. ஆட்டம் முடிந்து யார் யார் எத்தனை பேரைக் கொன்றார்கள் என்று திரையில் வரும்போது ரோமுக்கு நேரே ஒன்றும் இருக்காது. வீட்டில் பொம்பளை பார்க்கிற வேலையேதான், எனக்குப் புதிதாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. என்னிடம் அதைத் தள்ளிவிட அவர்களுக்கும் யோசனை தேவைப்படவில்லை.

ஆனால் நான் அதை நன்றாகவே செய்தேன். என் வாயால் சொல்லக்கூடாது, வேறு யார் சொல்லப்போகிறார்கள்? எந்தப் புதரில் எவன் பதுங்குவான் என்பது எனக்கு வாடையிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த அப்டேட் வந்தது. அதில் என்னென்ன மாற்றியிருக்கிறார்கள் என்று எங்கள் டீமில் ஒருத்தனும் படிக்கவில்லை. ஆட்டத்து வீரர்களுக்குப் புதுச் சட்டை வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். நான் சாப்பாட்டு நேரத்தில் கடை குடோனில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். பூதம் முன்பைவிடச் சீக்கிரம் வரும். செத்தவன் முன்பைவிடச் சீக்கிரம் பிறந்து வருவான். ரோமுக்கு, பக்கத்தில் நிற்கிறவன் பங்கில் கை வைக்காமல் தனியாகத் தங்கம் வரும். புதருக்குள் நுழையாமலே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிற சக்தியும் வரும். ஒரு தடவை பார்த்தால் அடுத்த தடவைக்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அது ஒன்றுதான் குறை.

படித்ததும் எனக்கு ஆட்டமே வேறாகத் தெரிந்தது. உயிரின் விலை இறங்கிவிட்டது, பூதத்தின் விலை ஏறிவிட்டது. இனிமேல் ஒருத்தன் எதிரியிடம் மாட்டிக்கொண்டால் அவனை விட்டுவிட வேண்டும். எதிரிகள் அவனை அடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் மற்ற நாலு பேரும் போய்ப் பூதத்தை முடிக்க வேண்டும். முடிப்பதற்குள் செத்தவன் திரும்பி வந்துவிடுவான். சின்னக் குழந்தைக்கும் புரிகிற கணக்கு.

அன்று சாயங்காலமே வலைக்கூடத்தில் நாலு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். தலையாட்டினார்கள். பழகுவதற்கு ஓர் ஆட்டம் போட்டோம். அண்ணன் எதிரியின் காட்டுக்குள் போய் மாட்டிக்கொண்டான்.

"அவன விடுங்க, எல்லாரும் பூதத்துக்கு வாங்க" என்றேன்.

ஒருத்தனும் வரவில்லை. மூன்று பேரும் அண்ணனைக் காப்பாற்ற ஓடினார்கள். நான் மட்டும் பூதத்தின் முன்னால் தனியாக நின்றேன். போனவன் எல்லாம் ஒவ்வொருவனாகச் செத்தான். ஆட்டம் போச்சு.

போனைக் கீழே வைத்ததும் நாலு பேரும் என்னைத் திட்டினார்கள். அதிலும் படகு முதலாளியின் மகன் இருக்கிறானே, அவன் குதித்த குதி! அந்தப் படகில் அவன் அப்பாவுக்குத்தான் பங்கு அதிகம், அதனால் டீமிலும் அவன் வாய்தான் அதிகம்.

"கூடப் பொறந்தவன் சாவுறான், வுட்டுட்டு வாங்கன்னு சொல்றியே, நீயெல்லாம் என்னா மனசு? கடல்ல எவனாச்சும் வுட்டுட்டு வருவானா?"

அவன் சொல்வது கடலுக்குச் சரி. எங்கள் ஊரில் ஒரு படகு நடுக்கடலில் எஞ்சின் நின்று கிடந்தால், பக்கத்தில் போகிற படகு போட்ட வலையை விட்டுவிட்டு அதை இழுத்துக்கொண்டு வரும். எந்த ஊர்ப் படகு, யார் படகு என்று கேட்கமாட்டார்கள். அந்த வழக்கத்தால்தான் என் அப்பா ஒரு தடவை உயிரோடு கரை சேர்ந்தார். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் கூசும். ஆனால் போனில் செத்தவன் கண்ணை மூடித் திறப்பதற்குள் பிறந்து வருகிறானே! அங்கேயும் போய் இழுத்துக்கொண்டு வந்தால் அதற்கு என்ன பெயர்? வேறு எந்த ஊர்க்காரனும் இப்படித் தோற்கமாட்டான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தொண்டைத்தண்ணி வற்றியதுதான் மிச்சம்.

இதற்குள் ரோமுக்கு மவுசு ஏறிவிட்டது. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் ரோம் ஆடுகிற வீடியோக்கள் வர ஆரம்பித்தன. இனி ரோம்தான் டீமுக்குக் கண் என்றார்கள். முதலாளி மகன் அதைப் பார்த்துவிட்டான். திருமலைராயன்பட்டினத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி நடத்தப்போகிறார்கள், ஜெயிக்கிற டீம் புதுச்சேரிக்குப் போகும் என்று நோட்டீஸ் ஒட்டிய வாரம் அது.

"போட்டிக்கு நான் ரோம் எடுத்துக்கறேன். எங்க மச்சான் ஊர்லேந்து வந்திருக்கான், அவன் என் எடத்துல ஆடட்டும். தங்கச்சி, நீ வேணா எக்ஸ்ட்ராவா இரு. மண்டபத்துல அத்தன ஆம்பளைக்கு நடுவுல ஒனக்கும் சங்கடம் பாரு" என்றான்.

என் சங்கடத்தைப் பற்றி அவனுக்கு எத்தனை கவலை! கறிவேப்பிலை மாதிரி எடுத்து வெளியே போடுவதற்கு இப்படி ஒரு மரியாதை. நான் அண்ணனைப் பார்த்தேன். நான் எப்படி ஆடுவேன் என்று அவனுக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்று அடி வாங்கியதால்தான் அவன் அத்தனை பேரைக் கொன்று பெயர் வாங்கினான். அவன் வலையின் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அவ ஆடட்டும்டா" என்று இரண்டு வார்த்தை. அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. முதலாளி மகனை நான் எப்போதோ மன்னித்திருப்பேன். அண்ணனைத்தான் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். "ஆம்பளப் பசங்க ஆட்டத்துல ஒனக்கு என்னாடி வேல?" என்றாள். அவளிடமும் ஒரு பாட்டம் சண்டை போட்டேன்.

வரிச்சிக்குடியில் ஒரு டீம் இருந்தது. எல்லாரும் விவசாய வீட்டுப் பிள்ளைகள். அவர்களை நாங்கள் ஆன்லைனில் இரண்டு மூன்று தடவை அடித்திருக்கிறோம். அந்த டீமின் தலைவன் டவுனில் உரக்கடையில் வேலை பார்க்கிறவன். நான் எக்ஸ்ட்ரா ஆகிவிட்டது எப்படியோ காதில் விழுந்து, துணிக்கடைக்கே வந்துவிட்டான்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. எங்ககிட்ட ரோம் ஆட ஆளு இல்ல. நீங்க வர்றீங்களா?"

"எங்க அண்ணன எதுத்து ஆடணுமே?"

"ஆமாக்கா. ஒங்களுக்குச் சங்கடமா இருந்தா வேணாம்."

சங்கடம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "வர்றேன்" என்றேன்.

அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. மாட்டினவனை விட்டுவிடு என்றேன். சரிக்கா என்றார்கள். அவர்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வரும். தன் முறைக்கு வயலில் நிற்காதவனுக்காக எவனும் மடையை மூடி வைத்துக்கொண்டு காத்திருக்கமாட்டான். அதனால் நான் சொன்னது அவர்களுக்குக் கசக்கவில்லை.

மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. மேடையில் பெரிய திரை வைத்திருந்தார்கள். அத்தனை ஆம்பளைக்கு நடுவில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை, மின்விசிறி ஓடவில்லை என்பதைத் தவிர. இரண்டு டீமும் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துக்கொண்டே வந்தோம். கடைசி ஆட்டத்தில் எதிரெதிராக உட்கார்ந்தோம். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். நான் போனைப் பார்த்தேன்.

என் திட்டத்தில் ஒரு சூதும் இல்லை. அண்ணன் டீமில் மாட்டினவனை யாரும் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள், அது எனக்குத் தெரியும், அது போதும். "ஒருத்தனப் புடிங்க. ஒடனே கொன்னுடாதீங்க. கொஞ்சம் உசுரு வச்சு நிறுத்துங்க" என்று எங்கள் டீமுக்கு மட்டும் கேட்கிற மைக்கில் சொன்னேன். முதலாளி மகன்தான் முதலில் சிக்கினான். புது ரோம் அல்லவா, வீடியோவில் பார்த்த மாதிரி புதருக்குள் ஒய்யாரமாக நுழைந்தான். இரண்டு பேர் அவனைப் பிடித்து நிறுத்தினார்கள். நான் நினைத்த மாதிரியே அவன் டீமின் மற்ற நாலு பேரும் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நான் குறுக்கே நின்று அடி வாங்கிக்கொண்டே அவர்களைத் தடுத்தேன். அந்த நேரத்தில் எங்கள் மற்ற இரண்டு பேரும் ஆற்றில் பூதத்தை முடித்துவிட்டார்கள். அவர்கள் வெளி டவர்கள் எல்லாம் சரிந்தன. மண்டபமே எழுந்து நின்று கத்தியது. எனக்குப் பாவமாக இல்லை. இன்னும் இரண்டு டவர் விழட்டும் என்றிருந்தது.

கடைசிப் பூதம் வருகிற நேரம். ஆற்றுக்கு மேலே இருக்கிற பெரிய புதரில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பார்க்கிற சக்தியை அப்போதுதான் செலவழித்திருந்தேன். பொறுக்க நேரமில்லை, பழையபடி நானே நுழைந்தேன். உள்ளே நாலு பேர் இருந்தார்கள். அண்ணனும் அதில் ஒருத்தன்.

"மாட்டிக்கிட்டேன்" என்றேன் மைக்கில்.

உரக்கடைத் தம்பி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மரியாதையாகச் சொன்னான்: "அக்கா, நீங்க செத்துருங்க. நாங்க பூதத்துக்குப் போறோம்."

நாலு பேரும் என்னை அடிக்க, என் திரை சாம்பல் நிறமானது. கடைசி அடி அண்ணனுடையது. சாம்பல் திரையில் என் டீமின் நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் பூதத்தை அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூதம் செத்தது. நான் பிறந்து, எங்கள் கோட்டையிலிருந்து ஓடி வந்து சேர்வதற்குள் அது அண்ணன் டீமின் கோட்டை வாசலில் நின்றது. ஜெயித்துவிட்டோம்.

நான் சொல்லிக்கொடுத்ததை அந்தப் பிள்ளைகள் ஒரு எழுத்து பிசகாமல் செய்தார்கள். அதற்காக அவர்களைக் கட்டிப்பிடித்துப் பாராட்டியிருக்க வேண்டும். நானோ அவர்கள் யார் முகத்தையும் பார்க்காமல் போனைப் பைக்குள் போட்டேன். போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். நின்றேன், சிரித்தேன், பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் அண்ணன் வந்தான். தோற்ற கோபத்தில் கத்துவான், நாமும் ஒரு கை பார்க்கலாம் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன். அவன் கத்தவில்லை. கை கால் கழுவிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"என்னா புள்ள, ஒன் டீம்காரனுவ ஒன்ன அம்போன்னு வுட்டுட்டுப் போய்ட்டானுவளே."

"அதுதாண்ணே சரியான ஆட்டம். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"என்னாத்த சரியான ஆட்டம்? எனக்குப் பாக்கவே புடிக்கல. நாங்களா இருந்தா நாலு பேரும் ஓடியாந்திருப்போம். ஆட்டம் போனாப் போவுதுன்னு வந்திருப்போம்."

அவன் பொய் சொல்லவில்லை. நிச்சயமாக வந்திருப்பான். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது.

"வருவீங்கண்ணே" என்றேன். "நான் செத்துக் கெடந்தா நாலு பேரும் தூக்க வருவீங்க. உசுரோட இருக்கறப்ப பக்கத்துல ஒரு எடம் குடுக்கத்தான் ஒருத்தனுக்கும் வாய் வரல."