முப்பத்தாறு பொட்டும் ஒரு வெள்ளைக் காரும்

ஒரு காருக்கு எத்தனை பொட்டு வைத்தால் போதும்? பத்து வயதில் எனக்குள் வந்த கேள்வி இது. இன்று நான்கு வயதுப் பெண்ணுக்குத் தாயான பிறகும் பதில் தெரியவில்லை. நினைக்கும்போதெல்லாம், தம்போய் என்ற ஊரில், எங்கள் வீட்டின் கார் நிறுத்தும் போர்ச்சில் மரக்கட்டைகள் மேல் நின்ற ஒரு வெள்ளைக் கூடு கண்முன் வருகிறது. சக்கரமில்லை, கதவில்லை. முன்விளக்குக்காக வெட்டிய இரண்டு வட்டமான ஓட்டைகள் மட்டும் என்னையே பார்ப்பதுபோல இருக்கும்.

அது அத்தையின் கார். அப்பாவின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களுடனேயே இருந்தார். தினமும் எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய் மின்கம்பிகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துப் பிணைப்பது அவர் வேலை. அங்கிருந்த மேற்பார்வையாளர் ஒருவர் சொந்த நாட்டுக்குத் திரும்பும்போது, தான் பிரிக்கவே பிரிக்காத, வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் ஸ்போர்ட்ஸ் கார் பெட்டிகளை அத்தைக்கு விற்றுவிட்டுப் போனார். இரும்புச் சட்டகம், பைபர் உடல், திருகாணிப் பைகள், தடித்த ஒரு கையேடு. இன்ஜினை மட்டும் பழைய கார் உடைக்கும் கடையில் அத்தையே தேடிப் பிடித்தார். அப்பாவின் கார் தெருவுக்குப் போனது. ஒவ்வொரு மழைக்கும் அம்மா ஜன்னலருகே நின்று, "நாலு பேரு இருக்கற வீட்டுல ரெண்டு சீட்டு காடி. அந்த ரெண்டாவது சீட்டுல யாரு அண்ணி, நானா?" என்று கேட்பார். அத்தை ஸ்பேனரை வாயில் கவ்வியபடி தலையாட்டுவார். அது ஆமாவா இல்லையா என்று யாருக்கும் புரியாது.

எனக்குப் பத்து வயதான வருடம் ஆயுத பூஜையன்று அத்தைக்கு வேலை இருந்தது. கிளம்பும் முன், கருவிகளுக்குப் பொட்டு வைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். ஸ்பேனர்கள், துளைபோடும் மெஷின், அம்மாவின் தையல் மெஷின் எல்லாம் முடிந்தது. பிறகு கார் கூட்டைப் பார்த்தேன். பெயிண்ட் அடிக்கத் தயாராக, அடிப்பூச்சு பூசித் தேய்த்து வைத்திருந்தார். முன்னால் மட்டும் வைத்தால் பின்பக்கத்துக்கு யார் காவல்? வலப்பக்கம் வைத்துவிட்டு இடப்பக்கத்தை விட்டால்? பொட்டு இல்லாத இடத்தில்தான் மோதும் என்று உறுதியாக நம்பினேன். பன்னிரண்டு இடங்களில் மும்மூன்றாக, சக்கர வளைவின் உள்பக்கம்கூட விடாமல், குங்குமத்தைக் குழைத்து வைத்தேன். முப்பத்தாறு.

மாலையில் வந்த அத்தை ஈரத்துணியால் துடைத்தார். அடுத்த வாரம் வெள்ளை பெயிண்ட் அடித்தார். மூன்றாம் நாள், ஒவ்வொரு பொட்டும் இளஞ்சிவப்பாக மேலே எழுந்து வந்தது. குங்குமத்துச் சாயம் அடிப்பூச்சுக்குள் ஊறிவிட்டதென்றும், சுரண்டித்தான் ஆகவேண்டும் என்றும் பெயிண்ட் கடைக்காரர் சொன்னார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

அத்தை என்னை வெளியே அழைத்து, கையில் உப்புத்தாளைக் கொடுத்தார். "நல்லா தேடித் தேடி வச்சிருக்க. எனக்கே தெரியாத எடத்துலலாம் இருக்கு." ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மாதம் தேய்த்தோம். கடைசியாக இடப்பக்கக் கதவோரம் ஒன்று மிஞ்சியது. நான் தேய்க்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். "அது இருக்கட்டும். அது உன் சீட்டுப் பக்கம்."

கார் முடியாமல் கிடந்த வருடங்களெல்லாம் அதற்கு நான்தான் காரணம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கல்லூரி முடித்து, கல்யாணமாகி, பத்து நிமிடத் தொலைவில் குடிவந்த பிறகுதான் ஒருநாள் அதைச் சொன்னேன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். "உன் பொட்டால ரெண்டு மாசம். கியர்பாக்ஸால எட்டு வருஷம். நீ பெரிய ஆளுன்னு நெனச்சிக்காத லா."

ஓய்வு பெற்றபின் அத்தை தினமும் அதனுடன்தான் இருக்கிறார். போன ஞாயிறு இன்ஜின் ஓடியது. என் மகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் மனம் நிறைந்துதான் இருந்தது, அத்தை அடுத்ததைச் சொல்லும்வரை. பதிவு வேலை முடியவில்லை என்பதால் லாரியில் ஏற்றி, தெரிந்தவரின் தொழிற்சாலை வளாகத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கப் போகிறாராம். ஆயுத பூஜையன்று. இடப்பக்க இருக்கையில் நான்.

சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். "இழு. இன்னும் இழு. பிஞ்சா வேற போடறேன்," என்றார். பிய்யவில்லை. இருந்தாலும், வீட்டில் கையால் பொருத்திய காரில், சின்னப் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஏறுவது சரியா? முடியாதென்று சொன்னால், இருபது வருடத்துக்கும் மேலாக எனக்காக வைத்திருந்த இருக்கை காலியாகத்தானே போகும்? அத்தையிடம் இதையெல்லாம் கேட்டால், "பொட்ட நீயே வை. வச்சிட்டு ஏறு," என்கிறார்.

கதவோரம் அந்த இளஞ்சிவப்புப் புள்ளி இன்னும் இருக்கிறது. என் மகள் அதன்மேல் விரல் வைத்து, இது என்ன என்று கேட்கிறாள். குங்குமம் வாங்கி வைத்துவிட்டேன். எத்தனை பொட்டு வைத்தால் ஒரு தாய் நிம்மதியாக ஏறி உட்காரலாம்? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.